ஜாதகக் கட்டத்தைப் படிக்கப் பழகுவோம்: பலனுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜோதிடம் கற்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பலன்களைத்தான். ஏழில் செவ்வாய் இருந்தால் என்ன, எட்டில் சனி இருந்தால் என்ன என்று வரிசையாக மனப்பாடம் செய்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒருநாள் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் ஜாதக நோட்டை வைத்துக்கொண்டு, அவள் கட்டத்தில் இருந்த சுக்கிரனைப் பற்றி நெடுநேரம் பேசினேன். வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தபோதுதான் கவனித்தேன்: சூரியனிலிருந்து ஆறாவது கட்டத்தில் சுக்கிரனை எழுதியிருந்தார்கள். வானத்தில் அப்படி ஒரு நிலை வரவே வராது. பழைய நோட்டைப் பார்த்து நகல் எடுத்தவர் கட்டம் மாற்றி எழுதிவிட்டார். மறுநாளே அவளிடம் போய், நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து என்னிடம் கற்க வருபவர்களுக்கு முதலில் கட்டத்தைப் படிக்கவும் சரிபார்க்கவும்தான் சொல்லித் தருகிறேன். இங்கேயும் அதே வரிசைதான்.

படி 1: கட்டங்களின் பெயர்

நம் ஊர் வழக்கில் ராசிகள் இடம் மாறுவதில்லை. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக மீனம், மேஷம், ரிஷபம், மிதுனம். வலப்பக்கம் கீழே இறங்கினால் கடகம், சிம்மம். கீழ் வரிசையில் வலமிருந்து இடமாகக் கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு. இடப்பக்கம் மேலே ஏறினால் மகரம், கும்பம், மறுபடி மீனம். நான்கு மூலைகளிலும் இருப்பவை மீனம், மிதுனம், கன்னி, தனுசு. மூலைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாக வந்துவிடும்.

வெறும் தாளில் பத்து முறை வரைந்து எழுதிப் பாருங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அதன் பெயர் யோசிக்காமல் வர வேண்டும். எண்ணுவது எப்போதும் கடிகாரம் சுற்றும் திசையில். தொடங்கும் கட்டத்தையும் ஒன்று என்று சேர்த்தே எண்ண வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். மேஷத்துக்கு ஏழாவது துலாம், விருச்சிகம் அல்ல.

படி 2: லக்னமும் ராசியும்

'ல' அல்லது 'லக்' என்று எழுதியிருக்கும் கட்டம் லக்னம். பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதயமாகிக்கொண்டிருந்த ராசி அது. ஒரு நாளில் பன்னிரண்டு ராசிகளும் உதிப்பதால், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லக்னம் மாறும். சந்திரன் இருக்கும் கட்டம்தான் 'என் ராசி' என்று நாம் சொல்வது. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாள் ஆகும். அதனால் ஒரே நாளில் பிறந்த பலருக்கும் ராசி ஒன்றாக இருந்தாலும் லக்னம் வேறு வேறாக இருக்கும். லக்னக் கட்டத்தை முதல் வீடாக வைத்து, அங்கிருந்துதான் மற்ற வீடுகளை எண்ண வேண்டும்.

படி 3: கட்டம் சரியா என்று பார்ப்பது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. பஞ்சாங்கம், கணினி எதுவும் வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும்.

முதலில் சூரியன். தமிழ் மாதம் என்பதே சூரியன் இருக்கும் ராசிதான். சித்திரையில் பிறந்தவருக்குச் சூரியன் மேஷத்தில், ஆடியில் பிறந்தவருக்குக் கடகத்தில், தையில் பிறந்தவருக்கு மகரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ தவறு இருக்கிறது.

அடுத்து புதனும் சுக்கிரனும். ஒரு கட்டம் என்பது 30 பாகை. பூமியிலிருந்து பார்க்கும்போது புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே அது சூரியன் இருக்கும் கட்டத்திலோ அதன் முன் பின் கட்டத்திலோதான் இருக்கும். சுக்கிரன் விலகுவது ஏறத்தாழ 47 பாகை வரை. அதிகம் போனால் இரண்டு கட்டம் தள்ளி. ராகுவும் கேதுவும் ஒன்றுக்கொன்று ஏழில் இருக்கும், இதற்கு விதிவிலக்கே கிடையாது.

அப்புறம் பிறந்த நேரம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. சூரியன் உதிக்கும் நேரத்தில் சூரியன் நிற்கும் ராசியும் சேர்ந்துதானே உதிக்கிறது? எனவே அப்போது பிறந்தவருக்குச் சூரியன் லக்னத்திலேயே இருக்கும். நேரம் ஏற ஏற 12, 11 என்று பின்னோக்கி நகர்ந்து, நண்பகலில் பத்தாம் வீட்டை ஒட்டியும், அஸ்தமனத்தில் ஏழிலும், நள்ளிரவில் நான்கை ஒட்டியும் வரும். பகல் 12 மணிக்குப் பிறந்ததாகச் சொல்லும் ஜாதகத்தில் சூரியன் நான்காம் வீட்டில் இருந்தால், யாரோ பகலையும் இரவையும் மாற்றிவிட்டார்கள். இந்தச் சோதனை கைவந்துவிட்டால் கட்டம் வெறும் எழுத்தாகத் தெரியாது. அன்றைய வானம் அப்படியே கண்முன் வரும்.

இரண்டு பஞ்சாங்கப்படி எழுதிய இரண்டு ஜாதகங்கள் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணித முறைகள் வழக்கில் உண்டு. சனி மீனத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026. ராசியின் ஓரத்தில் இருக்கும் கிரகம் இந்த வேறுபாட்டால் கட்டம் மாறிவிடலாம். தொடக்கத்தில் ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பழகுங்கள். வானில் கிரகம் உண்மையில் இருக்கும் இடத்தோடு ஒத்துப்போவதால் நான் திருக்கணிதத்தைத்தான் பரிந்துரைப்பேன்.

படி 4: வீட்டு அதிபதிகள்

சிம்மம் சூரியனுக்கு, கடகம் சந்திரனுக்கு. இந்த இரண்டையும் நடுவில் வைத்து இருபுறமும் விலகிப் போனால் மிதுனமும் கன்னியும் புதனுக்கு, ரிஷபமும் துலாமும் சுக்கிரனுக்கு, மேஷமும் விருச்சிகமும் செவ்வாய்க்கு, மீனமும் தனுசும் குருவுக்கு, கும்பமும் மகரமும் சனிக்கு. சூரியனிலிருந்து கிரகங்கள் விலகியிருக்கும் அதே வரிசை! இதைப் புரிந்துகொண்டவருக்கு மனப்பாடமே தேவையில்லை.

படி 5: வீடுகளும் பார்வைகளும்

பன்னிரண்டு வீடுகளுக்கும் நீண்ட பட்டியல் உண்டு. இப்போதைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் போதும்: 1 தான், 2 குடும்பம், 3 தைரியம், 4 தாய், 5 பிள்ளைகள், 6 நோயும் கடனும், 7 துணை, 8 ஆயுள், 9 பாக்கியம், 10 தொழில், 11 லாபம், 12 விரயம்.

எல்லாக் கிரகங்களும் தாம் இருக்கும் இடத்திலிருந்து ஏழாம் வீட்டைப் பார்க்கும். செவ்வாய்க்கு 4, 8, குருவுக்கு 5, 9, சனிக்கு 3, 10 என்று கூடுதல் பார்வைகள் உண்டு.

சரி, ஒரு கட்டத்தில் பழகிப் பார்ப்போம். பிறந்தது ஆடி மாதம், இரவு 10 மணி என்று வையுங்கள். மீன லக்னம். கடகத்தில் சூரியனும் சுக்கிரனும், சிம்மத்தில் புதன், கன்னியில் செவ்வாய், துலாமில் சந்திரனும் ராகுவும், விருச்சிகத்தில் குரு, கும்பத்தில் சனி, மேஷத்தில் கேது.

முதலில் சோதனை. ஆடிக்குக் கடகத்தில் சூரியன், சரி. புதன் அடுத்த கட்டம், சரி. சுக்கிரன் சூரியனோடு, சரி. ராகு, கேது ஏழுக்கு ஏழு. சூரியன் ஐந்தாம் வீட்டில் இருக்கிறது. அஸ்தமனத்துக்கும் நள்ளிரவுக்கும் நடுவே இருக்கும் இரவு 10 மணிக்கு இது பொருந்துகிறது. சந்திரன் சூரியனுக்கு நான்கில் இருப்பதால் வளர்பிறை.

இப்போது படிக்கலாம். லக்னம் மீனம், அதிபதி குரு. குரு இருப்பது விருச்சிகம், லக்னத்துக்கு ஒன்பது. அங்கிருந்து ஐந்தாம் பார்வையால் லக்னத்தையே பார்க்கிறது. தனுசும் குருவின் வீடுதான், ஆக பத்தாம் அதிபதியும் அதுவே. 'லக்னத்துக்கும் தொழிலுக்கும் உரியவர் பாக்கிய ஸ்தானத்தில் இருந்து லக்னத்தைப் பார்க்கிறார்' என்று ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. ஜோதிட நூல்கள் இதை நல்ல அமைப்பு என்றே சொல்லும். அடுத்து ஏழில் செவ்வாய். இதைப் பார்த்ததும் 'தோஷம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். இதே செவ்வாய் இந்த லக்னத்துக்கு இரண்டு, ஒன்பது வீடுகளுக்கு அதிபதி. தோஷத்துக்கு ஏகப்பட்ட விலக்குகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லி ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போட வைக்கும் உரிமை நம் யாருக்கும் கிடையாது.

படி 6: திசை இருப்பு

திசை என்றால் வாழ்க்கையில் ஒரு கிரகத்துக்கு உரியதாக வைத்த காலம். 27 நட்சத்திரங்களுக்கும் ஒன்பது கிரகங்களை மாற்றி மாற்றி அதிபதியாக வைத்து, மொத்தம் 120 வருடங்களைப் பங்கிட்டிருக்கிறார்கள்: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. சந்திரன் நிற்கும் நட்சத்திரத்தின் அதிபதிதான் முதல் திசை. நம் கட்டத்தில் சந்திரன் சுவாதியில் சரிபாதி தூரம் கடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவாதிக்கு ராகு. 18 வருடத்தில் பாதி கழிந்து, மீதி 9 வருடம். நோட்டில் 'கர்ப்பச் செல் நீக்கி இருப்பு' என்று எழுதியிருப்பது இந்த மீதியைத்தான். பிறகு 25 வயது வரை குரு திசை, 44 வரை சனி திசை.

ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்தை இப்போது தொட வேண்டாம். அதில் லக்னம் சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும்; பிறந்த நேரம் துல்லியமாக இல்லாவிட்டால் அதில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

வீட்டில் உள்ளவர்களின் ஜாதகங்களை ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் படியை முழுதாகச் செய்து, லக்னாதிபதி எங்கே இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள், இப்போது என்ன திசை நடக்கிறது என்ற மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதியும் நேரமும் மறைத்து வைத்த ஒரு கட்டத்தைப் பார்த்து, 'இது மார்கழி மாதம், விடியற்காலை' என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அது வந்த பிறகு நவாம்சத்தைத் திறக்கலாம்.