"ஆதரிக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்: உள்ளாட்சி வேட்பாளரின் எல்ஜிபிடிக்யூ நிலைப்பாட்டை எடைபோடுவதில் நேரும் தவறுகள்

உள்ளாட்சித் தேர்தல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எல்ஜிபிடிக்யூ மக்களை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (தன்பாலீர்ப்பு கொண்ட பெண்கள், ஆண்கள், இருபாலீர்ப்பாளர், திருநர், பால்புதுமையினர் ஆகியோரைச் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலச் சுருக்கம் அது.) பதிலை இப்போதே எழுதி வைத்துவிடலாம். "எனக்கு எல்லோரும் சமம். யாரையும் பிரித்துப் பார்க்கிற வழக்கமே எனக்குக் கிடையாது." கைதட்டல். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடும். கேட்டவருக்கு முக்கியமான ஒன்றைக் கேட்டுவிட்ட நிறைவு, சொன்னவருக்குத் தப்பித்த நிம்மதி. ஓட்டுப் போடப்போகிறவருக்கு மட்டும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் கேள்வியில் கோளாறே "ஆதரவு" என்ற சொல்தான். அது மனதைப் பற்றிய கேள்வி. வேட்பாளரின் மனதுக்குள் எட்டிப்பார்க்க நமக்கு வழியில்லை. பார்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஜெயித்து வருகிறவர் கையில் மன்றத்தில் ஒரு ஓட்டு இருக்கும், பட்ஜெட்டில் ஒரு வரியைச் சேர்க்கவோ அடிக்கவோ குரல் இருக்கும், அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும் செல்வாக்கு இருக்கும். அவற்றை வைத்து என்ன செய்வார் என்பதை விட்டுவிட்டு அன்பு இருக்கிறதா, இரக்கம் இருக்கிறதா என்று விசாரிப்பது பெண் பார்க்கப் போகிற வேலை.

அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் என்று தெரியாமல் கேட்பது

தன்பாலினத் திருமணத்தை ஏற்கிறீர்களா என்று கவுன்சிலர் வேட்பாளரிடம் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான நாடுகளில் திருமணச் சட்டம் நாடாளுமன்றத்தின் கையிலோ நீதிமன்றத்தின் கையிலோ இருக்கிறது. ஏற்கிறேன் என்று சொல்வதால் வேட்பாளருக்கு ஒரு செலவும் இல்லை. பதவிக்கு வந்தபின் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டிய நாளும் வராது. செலவில்லாத வாக்குறுதியைத்தான் எல்லோரும் தாராளமாகக் கொடுப்பார்கள்.

நாட்டுக்கு நாடு மாறினாலும், உள்ளாட்சியின் கைக்குள் வழக்கமாக இருப்பவை வேறு: பொதுக் கழிப்பறை, சமுதாயக்கூட வாடகை, நூலகம், நகராட்சிக் குடியிருப்பு ஒதுக்கீடு, தெருக்கடை உரிமம், ஊர்வலத்துக்குச் சாலை, சொந்த ஊழியர்களுக்கான பணிவிதிகள். ஒரு திருநங்கையின் அன்றாடம் இவற்றில்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறது.

கழிப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். "திருநங்கையர் எந்தக் கழிப்பறைக்குப் போவார்கள்?" என்று கேட்டால் சண்டைதான் வரும். "அடுத்து கட்டப்போகும் கழிப்பறையில், தரையிலிருந்து கூரை வரை சுவரும் உள்ளேயே கைகழுவும் தொட்டியும் தாழ்ப்பாளும் கொண்ட தனி அறைகள் எத்தனை வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல வேட்பாளர் வரைபடத்தைப் பார்த்திருக்க வேண்டும், செலவு தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஓர் அறை சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும், கைக்குழந்தையோடு வரும் அப்பாவுக்கும் உதவும் என்று அவரே எடுத்துச் சொன்னால், இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

திருமணச் சட்டத்தில் கை வைக்க முடியாத உள்ளாட்சி என்ன செய்ய முடியும் என்பதற்கு டோக்கியோவின் ஷிபுயா வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பானில் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. 2015இல் ஷிபுயா மன்றம் ஒரு விதியை இயற்றி, தன்பாலின இணையருக்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. அது திருமணம் ஆகாது, சட்ட வலுவும் குறைவு. ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போதும், மருத்துவமனையில் "நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்கும்போதும் நீட்டுவதற்கு ஒரு தாள் கிடைத்தது. அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான உள்ளாட்சிகள் அதைப் பின்பற்றின. "திருமணத்தை ஏற்கிறீர்களா?" என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தத் தாள் யாருக்கும் தோன்றியிருக்காது.

பொதுச் சொல்லைப் பதிலாக எடுத்துக்கொள்வது

"நடுநிலை" என்ற சொல் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹாம்ட்ராமிக் நகர மன்றம், நகரத்துக்குச் சொந்தமான இடங்களில் மதம், இனம், அரசியல், பாலீர்ப்பு (யார் மீது காதல் ஈர்ப்பு வருகிறது என்பது) சார்ந்த எந்தக் குழுவின் கொடியும் பறக்கக் கூடாது என்று 2023இல் தீர்மானம் போட்டது. வாசித்தால் எல்லோருக்கும் பொதுவான விதி. அதுவரை பறந்து வந்து, இனி பறக்க முடியாமல் போனது எல்ஜிபிடிக்யூ மக்களின் அடையாளமான வானவில் கொடி. அதைச் சரி என்பவர்களும் இருக்கலாம், அது அவர்கள் கருத்து. பொதுவாகத் தெரியும் ஒரு விதி நடைமுறையில் யார் தலையில் இறங்குகிறது என்று வேட்பாளரிடம் கேட்காமல் விடுவதுதான் தவறு.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படம், எல்ஜிபிடிக்யூ பெருமித மாதமான ஜூனில் ஒரு பதிவு. படம் எடுக்க அரை நிமிடம் போதும். அந்தப் படத்துக்குக் கீழே வரும் வசவுகளைப் பார்த்துவிட்டு மறுநாளே நீக்கினாரா, அப்படியே விட்டாரா என்று பாருங்கள். என் கணக்கில் படத்தைவிட அதற்குத்தான் மதிப்பெண்.

போலந்தில் 2019 முதல் ஏறத்தாழ நூறு உள்ளாட்சிகள் "எல்ஜிபிடி சித்தாந்தத்துக்கு" எதிராகத் தீர்மானம் போட்டன. அவற்றில் பல வெறும் பிரகடனங்கள். யாரையும் ஊரைவிட்டு வெளியேற்றும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. "சும்மா ஒரு தீர்மானம்தானே" என்று ஒதுக்கிவிடக் கூடியவை. ஆனால் அங்கே குடியிருக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது சும்மா இல்லை. ஊருக்கும் சும்மா இல்லை: 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட சில நகரங்களின் நிதி விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியது. நீதிமன்றங்கள் சில தீர்மானங்களைச் செல்லாது என்றன. பணம் நிற்கத் தொடங்கியதும் பல மன்றங்கள் தாங்களாகவே பின்வாங்கின.

பயத்தின் அரசியலைக் கணக்கில் சேர்க்காதது

இன்றைக்கு என்ன நினைக்கிறார் என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். எதிர்ப்பு கிளம்பும் நாளில் எங்கே நிற்பார் என்பதைக் கேட்பதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மன்றம் 2014 மே மாதம், வேலை, வீடு, கடை, உணவகம் போன்றவற்றில் பாகுபாடு கூடாது என்று ஒரு சட்டம் இயற்றியது. ஆதரவாக 11 ஓட்டு, எதிராக 6. அதில் பாலீர்ப்பும் பாலின அடையாளமும் இருந்தன. இனம், வயது, மதம், உடற்குறைபாடு, ராணுவப் பணி என்று இன்னும் பலவும் இருந்தன. அப்போதைய மேயர் அனீஸ் பார்க்கர் தன்னை லெஸ்பியன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். மன்றத்தில் பெரும்பான்மை, மேயரின் முழு ஆதரவு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். எதிர்த்தவர்கள் அந்த நீண்ட பட்டியலை அப்படியே ஓரம் தள்ளிவிட்டு, "பெண்கள் கழிப்பறையில் ஆண்கள் கூடாது" என்ற ஒரே வாக்கியத்தைப் பிடித்தார்கள். 2015 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு. நூற்றுக்கு 61 பேர் எதிராக ஓட்டுப் போட, சட்டம் போனது.

இந்த நிகழ்வை வேட்பாளர் முன் வையுங்கள். "உங்கள் ஊரில் இப்படி ஒரு வாக்கியம் சுவரெங்கும் ஒட்டப்பட்டால், மறுநாள் காலை நீங்கள் வாசல் வாசலாகப் போய் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறவர் எதையும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

மேலிருந்து வரும் தடையும் உண்டு. அமெரிக்காவின் ஷார்லட் நகரம் 2016 பிப்ரவரியில், எல்ஜிபிடிக்யூ மக்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. மார்ச்சில் வட கரோலினா மாநில சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு, ஒரே நாளில் அதை அடித்துவிட்டது. ஆகவே "செய்வேன்" என்ற பதிலுக்குப் பின்னால், மேலிடம் தடுத்தால் என்ன மிச்சம் என்ற கேள்வியும் வர வேண்டும். 2025இல் ஹங்கேரி அரசு பிரைடு எனப்படும் எல்ஜிபிடிக்யூ பெருமித ஊர்வலங்களைத் தடுக்கச் சட்டம் போட்டபோது, புடாபெஸ்ட் மேயர் கெர்கெய் கராச்சோனி அதை நகராட்சியே நடத்தும் விழா என்று அறிவித்தார். காவல்துறையின் தடையையும் மீறி ஜூன் 28 அன்று ஊர்வலம் பெருங்கூட்டத்தோடு நடந்தது. மேயர் தன் பதவியின் ஒரு சிறு இடுக்கைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார்.

அடையாளத்தை வைத்து முன்முடிவு கட்டுவது

கிராமம் என்றால் பழமை, வயதானவர் என்றால் எதிர்ப்பு, இளைஞர் என்றால் ஆதரவு, சாமி கும்பிடுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம் என்று ஒரு வாய்ப்பாடு நம்மிடம் இருக்கிறது. நியூசிலாந்தின் கார்டர்டன், பழமைப் பிடிப்புள்ள சிறிய விவசாய ஊர். அந்த ஊர்தான் 1995இல் ஜார்ஜினா பேயர் என்பவரை மேயராக்கியது. உலகிலேயே வெளிப்படையாகத் திருநங்கை என்று அறியப்பட்ட முதல் மேயர் என்று அவரைச் சொல்வார்கள். 1999இல் அவர் நாடாளுமன்றத்துக்கும் போனார்.

வேட்பாளரே எல்ஜிபிடிக்யூ சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னொரு தவறு செய்கிறோம்: அவரிடம் அதை மட்டுமே கேட்கிறோம். குப்பை, சாக்கடை, தெருவிளக்கெல்லாம் மற்றவர்களுக்கு, இவருக்கு மட்டும் "உங்கள் போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்." தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி 1977இல் சான் ஃபிரான்சிஸ்கோ மன்றத்துக்குத் தேர்வான ஹார்வி மில்க், பாலீர்ப்பு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர், அதற்கு எதிராக விழுந்தது ஒரே ஓட்டு. ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த இன்னொரு சட்டம், நாயைக் கூட்டி வருகிறவர் அதன் கழிவை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது. செய்தியாளர்கள் முன் அதை விளக்கும்போது அவரே நாய்க்கழிவில் கால் வைத்துக் காட்டினார். உள்ளாட்சி என்பது இரண்டும் சேர்ந்ததுதான்.

இந்தியாவில் கட்னி நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திருநங்கை கமலா ஜானின் பதவியை நீதிமன்றம் பறித்தது. அந்தப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, அவர் பெண் அல்ல என்றது தீர்ப்பு. மக்கள் ஓட்டுப் போட்டார்கள், விதி ஏற்கவில்லை. திருநங்கையரும் திருநம்பியரும் (பெண் என்று பிறப்பில் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) தங்கள் பாலினத்தைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல்தான்.

ஐந்தெழுத்தையும் ஒரே ஆளாக்குவது

தமிழில் எல்ஜிபிடிக்யூ என்றதும் பலர் மனதில் வருவது திருநங்கை மட்டுமே. வேட்பாளரும் திருநங்கையருக்குத் தையல் இயந்திரம் வாங்கித் தருவதாக உருக்கமாகப் பேசிவிட்டு இறங்கிவிடுவார். திருநம்பி என்று ஒருவர் இருப்பதே கணக்கில் வராது. சேர்ந்து வாழும் இரு பெண்களுக்கு வீடு மறுக்கப்பட்டால் என்ன செய்வார் என்பது தெரியாமலே போகும். ஒரு பிரிவினர் மீதான பரிவு இன்னொரு பிரிவினருக்கும் தானாக நீளும் என்று எண்ண வேண்டாம், தனித்தனியாகக் கேளுங்கள்.

சொல்லில் மாட்டவும் வேண்டாம். "தன்பாலீர்ப்பு" என்று சொல்லத் தெரியாமல் பழைய சொல் ஒன்றைப் போட்டுப் பேசுகிறவர், சரியான சொல்லைச் சொல்லித் தந்ததும் திருத்திக்கொண்டால் அதோடு விஷயம் முடிந்தது. எல்லாச் சொல்லையும் பிசகாமல் சொல்லிவிட்டு எதற்கும் ஒப்புக்கொள்ளாதவர்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறார்.

தனிவாழ்க்கையைக் கிளறுவது

வேட்பாளருக்குக் கல்யாணம் ஆகவில்லையே, அவரும் அப்படித்தானோ என்று கேட்பதோ எழுதுவதோ கூடாது. ஆதரவான எண்ணத்தோடு கேட்டாலும் கூடாது. அதே மாதிரி, கூட்டத்தில் ஒரு நண்பரைக் காட்டி "இவருக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், அவர் வீட்டுக்குக்கூடத் தெரியாத ஒன்றை ஊருக்கே சொன்னதாகிவிடும். தனிச்செய்தியில் வந்த பதிலைப் படம் எடுத்துப் பரப்பும் முன்பும் அதை அனுப்பியவரின் அனுமதியைக் கேளுங்கள்.

கேள்வித்தாள் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

ஆம், இல்லை என்று கட்டம் போடாதீர்கள். எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்வி, ஒரே கெடு. பதிலை வெட்டாமல் அப்படியே போடுங்கள். பதில் வராவிட்டால் "எதிர்ப்பாளர்" என்று எழுதாதீர்கள், "பதில் வரவில்லை" என்று எழுதுங்கள். கடிதமே கைக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால் கேள்வித்தாளைவிட மன்றக் கூட்டக் குறிப்பு மேல். ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு பட்டியலோடு நின்றுவிடாமல், மூன்றாவதாக வருகைப் பதிவையும் புரட்டுங்கள். அன்றைக்குக் காலை அமர்வில் சாலை டெண்டருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் ஓட்டெடுப்பு நேரத்தில் மட்டும் இருக்கையில் இல்லாமல் போனவர்களின் பெயர்கள் அங்கே இருக்கும்.