காரமான சாப்பாட்டுக்கு வெள்ளை ஒயின்: எங்கே தவறுகிறோம்?

சார்டொனே, சாவின்யோன் பிளாங் என்ற பழகிய இரண்டு திராட்சை வகைகளையும் தாண்டி வேறு வெள்ளை ஒயினைச் சுவைத்துப் பார்க்கலாமே என்று சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை போய் ஒரு போத்தல் வாங்கி வருகிறோம். தீபாவளி விருந்தில், ஆட்டுக்கறிப் பிரட்டலோடு ஒரு வாய் குடித்த மாமா முகம் சுளிக்கிறார். பழி திராட்சை மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு, சேர்த்துச் சாப்பிட்டதில்தான் இருக்கும்.

ஆல்கஹால் கூடக்கூட மிளகாயின் எரிச்சலும் கூடும். 14 விழுக்காடு ஆல்கஹாலோடு, ஓக் பீப்பாயில் வைத்தெடுத்த ஒயினைச் சம்பலோடு குடித்தால் நாக்கு எரியத்தான் செய்யும். காரத்துக்கு லேசான இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் தேவை. ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் இனிப்பு மிஞ்சும்படி செய்யும், ‘கபினெட்’ என்ற லேசான வகை ஒயின்கள் பல 8, 9 விழுக்காட்டிலேயே கிடைக்கும். லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்று இருந்தால் அதில் இனிப்பு இராது, பார்த்து வாங்குங்கள்.

புளி ஊற்றிய மீன் கறிக்கு வேறு கணக்கு. கறியின் புளிப்புக்கு ஈடுகொடுக்காத ஒயின் வாயில் சப்பென்று போய்விடும். ஸ்பெயினின் வடமேற்குக் கடலோரத்து அல்பரின்யோ தாக்குப்பிடிக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது கிரேக்கத்துச் சந்தோரினித் தீவின் அசிர்த்திகோ. வெயில் கொளுத்தினாலும் புளிப்பை விடாத திராட்சை அது. பலத்த காற்றிலிருந்து குலைகளைக் காக்க, கொடியைக் கூடைபோல வளைத்துத் தரையோடு வளர்க்கிறார்கள். காரம் மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கட்டும். அசிர்த்திகோவில் ஆல்கஹால் குறைவில்லை.

வாசனையை வைத்து இனிப்பை முடிவு செய்வது அடுத்த தவறு. அர்ஜென்டினாவின் தொர்ரொந்தேஸ் பூவாசம் கமகமக்கும். குடித்தால் பெரும்பாலும் இனிப்பே இராது. லைச்சி மணக்கும் கெவுர்ட்ஸ்திராமினரில் சிலது இனிக்கும், சிலது இனிக்காது.

ஐரோப்பிய லேபிள்கள் பலவற்றில் இருப்பது ஊர்ப்பெயர்தான். ஷாப்ளி என்பது சார்டொனேதான், சான்செர் வெள்ளை சாவின்யோன் பிளாங்தான். புதியது என்று நினைத்துப் பழையதையே வாங்கிவிடுவோம். இத்தாலியின் சோவாவே வேறு. அதில் முக்கியத் திராட்சை கார்கனேகா.

திருகு மூடி என்றால் மட்டம் என்று ஒதுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் நல்ல ரீஸ்லிங் செய்யும் பலர், 2000ஆம் ஆண்டு சேர்ந்தே அந்த மூடிக்கு மாறினார்கள்.

நம் ஊர் வெயிலில் காரின் பின்பெட்டியில் ஒரு மதியம் விட்டாலே ஒயின் கெடும். கடையில் வெயில் படும் தட்டிலிருந்து எடுக்க வேண்டாம். அதற்காக உறையும்படி குளிரவைத்துக் குடித்தாலும் மணம் அடங்கிப்போகும். 8 முதல் 12 டிகிரி போதும்: ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். மீதியை மூடி மறுபடி உள்ளே வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.