முதல் வருஷம் கட்டியாச்சு, அப்புறம்?

போன பிப்ரவரியில் பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாலு தறி ஓட்டுகிறவர். கையில் ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். அடகுக் கடைச் சீட்டு மூன்று, ஏலச்சீட்டு பாஸ்புக் ஒன்று, ரப்பர் பேண்ட் போட்ட கல்லூரி ரசீதுகள். மகன் பி.இ. மூன்றாம் ஆண்டு. முதல் வருஷத்துக்கு மனைவியின் நகை போயிருக்கிறது. இரண்டாம் வருஷத்துக்கு ஏலச்சீட்டைப் பாதியிலேயே தள்ளி எடுத்திருக்கிறார். மூன்றாம் வருஷத்தின் முதல் செமஸ்டருக்கு மூணு ரூபா வட்டிக்குக் கடன்.

"இந்த செமஸ்டர் ஃபீஸ் கட்டலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்களாமுங்க. பேங்க்குல ஏதாச்சும் கிடைக்குமுங்களா சார்?"

வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது தெரிந்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதோடு சரி. இவரைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஒருத்தரும் ஊதாரி இல்லை, டீக்கடையில் வடை வாங்கக்கூட யோசிக்கிறவர்கள். அவர் மாட்டிக்கொண்டது இந்தப் பிப்ரவரியில் இல்லை. மகன் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஏப்ரலில்.

ரிசல்ட்டுக்கு முன்னால் சீட் பிடிப்பது

பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறு வாரமே போன் வர ஆரம்பித்துவிடும். "கம்ப்யூட்டர் சயன்ஸ்ல கடைசி ஆறு சீட்தான் இருக்கு சார், அட்வான்ஸ் கட்டி வச்சிருங்க." நம் ஆள் இருபத்தஞ்சாயிரமோ ஐம்பதாயிரமோ கொண்டுபோய்க் கட்டிவிடுவார். பாதி இடங்களில் அதற்கு ரசீதும் கிடையாது. கேட்டால், "அட்மிஷன் போடும்போது சேர்த்துத் தர்றோம்" என்பார்கள்.

மகனின் மார்க்குக்கு அரசு ஒதுக்கீட்டில் என்ன கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்பே மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குள், அதாவது கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் இடங்களுக்குள், போவதால் போகிறது அந்த அட்வான்ஸ் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் படிப்புச் செலவுக்கு அரசு தரும் பெரிய உதவிகள் பலவும் அரசே மார்க் வரிசையில் இடம் ஒதுக்கும் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-லிருந்து இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை. அதுவும் கவுன்சலிங் சீட்டுக்குத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் பத்தாவதுக்கு மேல் படிக்கிறவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. 2018-ல் வந்த மத்திய அரசு நெறிமுறை அதையும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது என்றது.

அரசுப் பள்ளியில் படித்த மகனைக் கூட்டிக்கொண்டு ஏப்ரலிலேயே அட்வான்ஸ் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். நாலு வருஷமும் சல்லிக்காசு கட்டாமல் படித்திருக்க வேண்டிய பிள்ளையாக அது இருந்திருக்கலாம்.

கட்டண வித்தியாசத்தையும் பார்த்துவிடுவோம். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு விதித்தது இது: அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 55,000; மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் 85,000, 87,000. அந்தக் கணக்கில் சட்டப்படியான வித்தியாசமே நாலு வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டுகிறது. "பில்டிங் ஃபண்ட்", "நன்கொடை" என்று கையில் வாங்குவது இதில் சேராது. அப்படி வாங்குவதைத் தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ரசீது இல்லாத பணத்தைத் திருப்பிக் கேட்க நமக்குத்தான் வழி இருக்காது.

ரசீது இருந்தால் நிலைமை வேறு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்ப வரவேண்டும். கழிவு அதிகபட்சம் 5,000 ரூபாய். கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதம், அது தாண்டி 15 நாளுக்குள் 80, ஒரு மாதத்துக்குள் 50. அதற்கப்புறம் கிடையாது. சில வருஷங்களில் இதைவிடத் தாராளமான தேதிகளையும் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. அந்த ஒரு மாதக் கெடு தெரியாமல், "அடுத்த மாசம் பேசிக்கலாம்" என்று அலைக்கழிக்கப்பட்டே நாளைக் கடத்துகிறவர்கள்தான் அதிகம். ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி. எல்லாவற்றையும் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷக் கணக்கை நாலு வருஷக் கணக்காக நினைப்பது

"ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்டால் கல்லூரி சொல்வது டியூஷன் ஃபீஸ். வீட்டிலிருந்து போவது அது மட்டுமா? ஹாஸ்டல், மெஸ் முன்பணம், பஸ் கட்டணம், பரீட்சைக் கட்டணம், ரெகார்ட் நோட்டு, இரண்டாம் வருஷத்திலிருந்து பிளேஸ்மென்ட் பயிற்சிக்குத் தனி வசூல், இடையில் ஒரு லேப்டாப், அரியர் வைத்தால் அதற்கும் காசு.

ஒரு முழு வெள்ளைத் தாளில் எட்டு கட்டம் போடச் சொல்வேன், எட்டு செமஸ்டருக்கு. ஒவ்வொன்றிலும் என்ன போகும், அந்த மாதத்தில் அது எங்கிருந்து வரும் என்று பென்சிலில் எழுத வேண்டும். மூன்றாவது, நாலாவது கட்டத்துக்கு வரும்போது பென்சில் நின்றுவிடும். வீட்டுத் திண்ணையில் நின்றால் பரவாயில்லை, கல்லூரி கவுன்டரில் நிற்பதற்கு அது மேல்.

கட்டங்களை நிரப்ப விவரம் வேண்டுமே? அட்மிஷன் மேஜையில் கேட்காதீர்கள். அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளையைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்து, "தம்பி, போன வருஷம் மொத்தமா வீட்ல எவ்வளவுப்பா வாங்குன?" என்று கேட்டால் உண்மைத் தொகை வரும்.

கடனுக்குப் பயந்து கந்துவட்டிக்குப் போவது

"பேங்க் கடன்னா பயமா இருக்குங்க" என்பார்கள். அதே வாய் மூணு ரூபா வட்டிக்குச் சம்மதிக்கும். நூறு ரூபாய்க்கு மாதம் மூணு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். வங்கியின் கல்விக் கடன் வட்டி அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை எந்தப் பிணையும் கிடையாது, கைப்பணமும் போட வேண்டாம். அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் ஏழரை லட்சம் வரைகூட வீட்டுப் பத்திரம் இல்லாமல் வாங்கலாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே ஒரு சங்கதி: அப்பா பழைய பைக் கடனில் நாலு தவணை விட்டிருந்தால் வங்கி சிபில் என்ற பழைய கடன் பதிவைப் பார்க்கும்போது அது மேலே வந்து நிற்கும். பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

மேனேஜர், "உங்க ஏரியா எங்க கிளைக்கு வராது" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தக் காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டால் தேதியோடு பதிவு இருக்கும். வாய்ப்பேச்சாகத் திருப்பி அனுப்ப முடியாது.

வட்டி மானியத்தை விடுவது இன்னொரு பெரிய நஷ்டம். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்படிப்புப் படித்தால், படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் ஏறும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். வருமானச் சான்றிதழை நேரத்தோடு வங்கியில் கொடுக்காததாலேயே இதைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. நடுவில் படிப்பை விட்டாலும் மானியம் போய்விடும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள (அப்போது 860) முன்னணிக் கல்வி நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்குப் பிணையில்லாத கடனும், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

மானியம் கிடைக்காதவர்கள் செய்யும் தவறு, "வேலை கிடைச்சப்புறம் கட்டினா போதும்" என்பதை "அதுவரைக்கும் வட்டியே கிடையாது" என்று புரிந்துகொள்வது. கணக்குப் போட்டே பார்க்கலாம். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் நாலு வருஷத்தில் 6 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். முதல் ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 75,000. அடுத்ததற்கு 60,000, அதற்கடுத்து 45,000, கடைசிக்கு 30,000. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும் நாளில் கடன் 8 லட்சத்து 10 ஆயிரமாக நிற்கும். பத்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 10,700.

இதே கடனில் ஏறுகிற வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்திருந்தால்? முதல் வருஷம் மாதம் 1,250, இரண்டாம் வருஷம் 2,500, அப்படியே ஏறிக் கடைசியில் 5,000. தவணை தொடங்கும்போது கடன் 6 லட்சமாகவே இருக்கும், மாதத் தவணை எட்டாயிரத்துக்குள். பல வங்கிகள் இப்படி வட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதம் தள்ளுபடியும் தருகின்றன. முழுசாகக் கட்ட முடியாவிட்டால் பாதியாவது கட்டலாம்.

உதவித்தொகையும் இனிஷியலும்

உதவித்தொகைகளில் பணம் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் மேற்படிப்புக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு, வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை வருஷத்துக்கு 50,000. எல்லோருக்கும் கிடைக்காது, தேர்வு உண்டு; ஆனால் விண்ணப்பமே போடாதவர்களுக்கு நிச்சயம் கிடைக்காது.

இதில் தடுக்கி விழ வைப்பது பெரும்பாலும் அற்பக் காரணம். மார்க்‌ஷீட்டில் "கவிதா ச", ஆதாரில் "ச. கவிதா", வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக "கவிதா சண்முகம்". மூன்றும் ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கு ரெண்டு வருஷம் சும்மா கிடந்து முடங்கியிருக்கும், அல்லது ஆதாரோடு இணைந்தது வேறொரு கணக்காக இருக்கும். பணம் அங்கே போய்ச் சேரும். மே மாதத்திலேயே இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் ஒரு நடை நடந்து இதைச் சரிசெய்யலாம். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளையும் அப்போதே வாங்கிவிட வேண்டும். ஜூனில் வரிசை நீளும். அண்ணன் ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்கு முதல் பட்டதாரிச் சான்று கிடையாது. அப்புறம், பல உதவித்தொகைகளை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் வாங்கிவிட்டு இரண்டாம் வருஷம் மறந்தவர்களின் பட்டியல் நீளம்.

மூத்தவனுக்கே எல்லாம்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மூத்த மகனின் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நகை, ஏலச்சீட்டு, பி.எஃப். பணம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ரெண்டு வருஷம் கழித்து அவனைவிட அதிக மார்க் வாங்கிய மகளிடம், "பக்கத்துல இருக்கற காலேஜ்லயே ஏதாச்சும் படி கண்ணு" என்பார்கள். எட்டு கட்டத் தாளை ஒரு பிள்ளைக்கு மட்டும் போட்டதன் விளைவு இது. மகள் சின்னவளாக இருக்கும்போதே செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தவர்களுக்கு, அவள் பதினெட்டைத் தொடும்போது பாதி வரை படிப்புக்கென எடுக்க வழி உண்டு. அந்தக் கணக்கையாவது அண்ணன் ஃபீஸுக்குத் திருப்பாமல் விட்டு வையுங்கள்.

பள்ளிபாளையத்துக்காரர் கதைக்கு வருகிறேன். மீதி இருந்த செமஸ்டர்களுக்கு மட்டும் கடன் கேட்டு விண்ணப்பம் போட்டோம். மேனேஜ்மென்ட் சீட் என்பதால் மேனேஜர் இழுத்தார். மகனின் செமஸ்டர் மார்க்குகளைக் காட்டிப் பேசியதில், மூன்றாவது நடையில் ஒப்புக்கொண்டார். மூணு ரூபா வட்டிக் கடனை அடைக்க, ஓடாமல் நின்ற ஒரு தறியை விற்றார்.

கிளம்பும்போது, "சின்னவ இப்பப் பத்தாவது படிக்கறாளுங்க" என்றார். மேஜையில் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்து எட்டு கட்டம் போட்டுக் கொடுத்தேன். முதல் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாலாக மடித்து, அடகுச் சீட்டுகளுக்குப் பின்னால் மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார்.