லித்தியம் மெட்டல் செல் சீக்கிரம் சாகாம, தீப்பிடிக்காம இருக்க என்ன பண்ணணும்

லேப்ல லித்தியம் மெட்டல் செல் (ஆனோடுல கிராஃபைட்டுக்குப் பதிலா லித்தியம் உலோகமே இருக்கிற பேட்டரி) பண்ண ஆரம்பிக்கிறவங்க, லித்தியம் கிராமுக்கு 3860 மில்லி ஆம்பியர் அவர் சார்ஜ் பிடிக்கும்ங்கிற நம்பர பாத்தே மயங்கிடுறாங்க (கிராஃபைட்டுக்கு 372தான்), ஆனா தினமும் பாக்க வேண்டியது கூலம்பிக் எஃபிஷியன்சி, அதாவது ஒவ்வொரு சைக்கிள்லயும் படிஞ்ச லித்தியத்துல எத்தன சதவீதம் திரும்பக் கிடைக்குதுங்கிறது. 99 சதவீதம்னா நல்லாத்தானே இருக்குன்னு தோணும், கணக்கு போடுங்க, எக்ஸ்ட்ரா லித்தியம் இல்லாத செல்லுல 70 சைக்கிள்லயே பாதி காலி, அதுவே 99.9 இருந்தா 100 சைக்கிளுக்கு அப்புறமும் 90 சதவீதம் மிச்சம்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் சமமா படியாம ஊசி ஊசியா வளருது, டிஸ்சார்ஜ்ல அதோட அடிப்பக்கம் கரைஞ்சு அறுந்தா மேல இருக்கிறது டெட் லித்தியம், இனி எதுக்கும் உதவாது. ஊசி செப்பரேட்டர (ரெண்டு எலக்ட்ரோடும் தொடாம நடுவுல இருக்கிற மெல்லிய தாள) தாண்டி அந்தப் பக்கம் தொட்டா உள்ளயே ஷார்ட். 1989ல மோலி எனர்ஜிங்கிற கனடா கம்பெனி வித்த லித்தியம் மெட்டல் செல்ல திரும்ப வாங்க வேண்டி வந்தது ஜப்பான்ல ஃபோன் தீப்பிடிச்சதாலதான்.

முதல்ல எலக்ட்ரோலைட்ட (செல்லுக்குள்ள அயான கடத்துற திரவத்த) மாத்துங்க. லித்தியம் அயான் செல்லுக்கு ஊத்துற சாதா கார்பனேட் இதுக்கு ஒத்துவராது. டிஓஎல், டிஎம்இங்கிற ரெண்டு ஈதர் கரைப்பான் கலவையில கொஞ்சம் லித்தியம் நைட்ரேட் சேத்தா படியிறது நல்லாவே சீராகும், ஆனா சாதா ஈதர் 4 வோல்ட்டுக்கு மேல தாங்காது, அதனால எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) கேத்தோடு ஓகே, வோல்டேஜ் அதிகமான என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) கேத்தோடுனா எல்ஐஎஃப்எஸ்ஐங்கிற லித்தியம் உப்ப கெட்டியா கரைச்ச எலக்ட்ரோலைட்டுக்குப் போயிடுங்க.

சார்ஜ் மெதுவா ஏத்துங்க, டிஸ்சார்ஜ் கொஞ்சம் வேகமா இருந்தாலும் பரவால்ல. குளிர்ல வேகமா சார்ஜ் ஏத்தவே வேணாம். பவுச் செல்னா (தட்டையான பை மாதிரி செல்) ரெண்டு பக்கமும் பிளேட் வெச்சு சமமா அழுத்தம் குடுங்க.

லித்தியம் நைட்ரஜனோடயும் சேரும், அதனால கிளவ்பாக்ஸ்ல (காத்து புகாம கையுறை வழியா வேல செய்யிற பெட்டியில) ஆர்கான்தான். லித்தியம் ஃபாயில் கருத்திருந்தா சுரண்டி பளபளன்னு ஆனப்புறம் போடுங்க.

இத பலபேர் கோட்டை விடுறாங்க: சிமெட்ரிக் செல்லுல (ரெண்டு பக்கமும் லித்தியமே இருக்கிற டெஸ்ட் செல்) ஓவர்பொட்டென்ஷியல், அதாவது லித்தியத்த படிய வைக்கவும் கரைக்கவும் கூடுதலா தேவைப்படுற வோல்டேஜ், திடீர்னு சரிஞ்சா செல் நல்லாயிடுச்சுன்னு அர்த்தமில்ல, ஷார்ட் ஆயிருக்கலாம். சார்ஜ் கர்வ் நடுங்குனாலோ, சார்ஜ் முடியாம போய்க்கிட்டே இருந்தாலோ உடனே நிறுத்திடுங்க.

ஓடி முடிஞ்ச செல்ல வெளிய வெச்சு பிரிக்காதீங்க, உள்ள இருக்கிற பஞ்சு மாதிரி லித்தியம் புது ஃபாயில விட ரொம்ப வேகமா ரியாக்ட் ஆகும். லித்தியம் எரிஞ்சா தண்ணியும் வேணாம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேணாம், உலோகத் தீய அணைக்கிற கிளாஸ் டி பவுடர் கை எட்டுற தூரத்துல இருக்கட்டும்.