காரில் கீறல், ஒடுக்கு: எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது?

காரில் கீறல் விழுந்த அன்று வயிறு எரியும். அந்த எரிச்சலோடு நேராகப் பட்டறைக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு, பெயிண்ட் எங்கும் வெடிக்கவில்லை. பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி போட்டு, கதவு முழுக்கப் பெயிண்ட் அடித்துத் தந்தார்கள். வெயிலில் நிறுத்தினால் அந்தக் கதவு மட்டும் இன்றைக்கும் சற்று நிறம் மாறித் தெரிகிறது. அதே காரில் கூரையின் முன் விளிம்பில் கல் தெறித்து, மிளகளவு பெயிண்ட் பெயர்ந்திருந்தது. அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் பெயிண்டுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து, முன் கண்ணாடியின் ஓரம் வரை கொப்புளம் கிளம்பிவிட்டது. ஆற அமரப் பார்த்திருக்க வேண்டியதற்குப் பணத்தைக் கொட்டினேன். அன்றே பார்த்திருக்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

அதனால் இப்போது எந்தக் காயத்தைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: இது இப்படியே இருக்குமா, வளருமா? அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: கழுவிவிட்டுப் பாருங்கள்

அழுக்கோடு பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, நிழலில் வைத்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கீறல் என்று நினைத்ததில் பாதி, உரசிய சுவரோ தூணோ மற்ற வண்டியோ விட்டுச் சென்ற பெயிண்டாகவே இருக்கலாம். மெல்லிய துணியில் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்த்துச் சுத்தமாக்கும் பசை) எடுத்து மெதுவாகத் தேய்த்தால் அது வந்துவிடும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

படி 2: ஆழத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் பாதி முடிவு கிடைத்துவிடும். கார் பெயிண்ட் ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். இவை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். நாம் எழுதும் சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான். அவ்வளவு மெல்லிய தோல் இது. அதில் கிளியர் கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரான். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது.

கீறல் மேல் தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. பாலிஷ் போதும், போடாவிட்டாலும் காருக்குக் கெடுதல் இல்லை. மறையவில்லை என்றால் விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டி நின்றால் ஆழமான கீறல். பாலிஷால் முழுதாகப் போகாது. பிறகு கீறலின் அடியில் தெரியும் நிறத்தைப் பாருங்கள். காரின் நிறமே தெரிந்தால் பயமில்லை. சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் அநேகமாகப் பிரைமர். சில வாரங்களுக்குள் டச்-அப் செய்துவிடுங்கள், அதாவது காயம் பட்ட இடத்தில் மட்டும் பெயிண்ட் தொட்டு மூடிவிடுங்கள். உலோகம் பளபளத்தாலோ, பழுப்பு நிறம் எட்டிப் பார்த்தாலோ, காத்திருக்க நேரமில்லை.

படி 3: அடியில் இருப்பது என்ன?

பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதில் நீளமான கீறல் கண்ணை உறுத்தினாலும் துரு வராது, எத்தனை வருடம் வேண்டுமானாலும் விடலாம். மற்ற இடங்களில் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். அலுமினியத்தில் செந்துரு வராது. ஆனால் வெள்ளைப் பொடி பூத்து, பெயிண்ட் கொப்புளிக்கும்.

இரும்பில் இடமும் முக்கியம். சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு, கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம் இவற்றில் ஈரமும் சேறும் தங்கும். கதவின் நடுவே விழுந்த கீறலைவிட இங்கே விழுந்த சிறு பொட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

படி 4: ஒடுக்கு என்றால்

பெயிண்ட் வெடிக்காத, விளிம்பு மழுங்கிய ஒடுக்குக்குப் பட்டியும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். தகட்டின் பின்னால் கம்பி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுக்கும் முறை இருக்கிறது. கம்பெனிப் பெயிண்ட் அப்படியே தப்பிக்கும். என் கதவை அப்படித்தான் எடுத்திருக்க வேண்டும். கூர்மையாக மடிந்த ஒடுக்கு, தகட்டின் ஓரத்தில் விழுந்தது, பின்னால் கைக்கு எட்டாதது என்றால் இந்த முறை கஷ்டம். மெட்டாலிக், பேர்ள் நிறங்களில் ஒரு பாகத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் நிறம் சேர்வது அரிது; நல்ல பெயிண்டர் நிற வித்தியாசம் தெரியாமல் இருக்க, பக்கத்துப் பாகத்திலும் கொஞ்சம் பெயிண்டைப் படிப்படியாகக் கலந்து விடுவார். அதற்கும் சேர்த்துத்தான் செலவு வரும்.

படி 5: இது வெளிக்காயம் மட்டும்தானா?

பிளாஸ்டிக் பம்பர் அடிபட்டதும் துள்ளிப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்தே கிடக்கலாம். கதவு, பானெட், டிக்கி இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விளக்குக்குள் ஈரம் படிகிறதா, கதவு முன்போல் மூடுகிறதா என்றும் பாருங்கள். பம்பருக்குப் பின்னால் ராடார் (சுற்றியுள்ள வண்டிகளை உணரும் கருவி) இருக்கும் கார்களில் அதற்கு நேரே பட்டி போடுவதோ, பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏற்றுவதோ அதன் பார்வையைக் கெடுக்கலாம். அந்தக் காரின் கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்காமல் கை வைக்க விடாதீர்கள்.

படி 6: கணக்கு

வளராத காயம் என்று உறுதியானால் மீதி உங்கள் விருப்பம்தான். நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்களா? இன்னும் நாலு கீறல் சேரட்டும், ஒன்றாகச் செய்யலாம். சீக்கிரம் விற்கப் போகிறீர்களா? சின்னக் கீறலுக்காக ஒரு பாகம் முழுக்கப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயிண்டின் தடிமன் அளக்கும் கருவியோடு வருபவர், அது பெரிய விபத்தோ என்று சந்தேகப்படுவார். இன்சூரன்ஸில் கேட்பதானால், உங்கள் கையிலிருந்து போகும் பங்கையும், இழக்கப்போகும் நோ கிளெய்ம் போனஸையும் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) கூட்டிப் பாருங்கள். சின்ன வேலைக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

படி 7: உலோகம் தெரிந்தால், அன்றே

மிளகளவு காயத்தை நீங்களே மூடலாம். காரின் நிற எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்கே டச்-அப் பெயிண்ட் வாங்குங்கள். துரு இருந்தால், மெல்லிய உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து எடுங்கள். துருவின் மேலேயே பெயிண்ட் வைத்தால் அது உள்ளே தொடர்ந்து அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, முதலில் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கிளியர் கோட். தூரிகை தடியாக இருந்தால் பல் குத்தும் குச்சியின் முனை போதும். ஒரே சொட்டாக அப்பாமல் மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பக்கத்தில் வந்து பார்த்தால் பொட்டு தெரியத்தான் செய்யும். ஈரம் உள்ளே போகாமல் இருந்தால் சரி.

பெயிண்ட் ஏற்கெனவே கொப்புளித்திருந்தால் டச்-அப்பில் நிற்காது, பட்டறைக்குத்தான் போக வேண்டும். விட்டுவிடுவதென்று முடிவு செய்த காயங்களை, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த தடவை கார் கழுவும்போது அதே இடத்தை அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள்.