பெயர் மறந்துபோன பழைய கேமைத் தேடிப் பிடிப்பது எப்படி?

இரண்டு குட்டிப் பறவைகள். ஒன்றை வலப்பக்கம் நகர்த்தினால் இன்னொன்று தானாக இடப்பக்கம் போகும். வழியெல்லாம் சுவர், சிலந்தி, சிலந்தி வலை. சின்ன வயதில் விளையாடிய ஒரு டிவி கேமைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த நினைவு இவ்வளவுதான். பெயர் அப்போதே தெரியாது. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான கேம்கள் இருப்பதாகப் பட்டியல் ஓடும். அதில் ‘முப்பத்தொண்ணு’ என்று எண்ணைச் சொல்லித்தான் நானும் அண்ணனும் அதைக் குறிப்பிடுவோம்.

பல வருடம் கழித்து அதைத் தேட உட்கார்ந்தபோது ‘வாத்து கேம்’ என்றுதான் தேடினேன். வாத்து சுடுகிற கேம்களாக வந்து குவிந்தன. மூன்று மாலைப்பொழுதுகள் அப்படியே போயின. கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டேன். “வாத்தா வேற ஏதாவதான்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல மேல இருக்கிற இதயத்தைத் தொடணும். ஒண்ணு வலையில மாட்டிக்கிட்டா இன்னொண்ணு வந்து ஸ்ப்ரே அடிச்சுக் காப்பாத்தணும்” என்றான். அவன் சொன்ன இரண்டு விதிகளையும் எழுதித் தேடினேன். பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. ஹட்சன் சாஃப்ட் 1985இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் டிவி கேம் இயந்திரத்துக்கு வெளியிட்ட ‘பைனரி லேண்ட்’. வாத்து இல்லை, பென்குயின்கள். ஒன்றின் பெயர் குரின், மற்றதன் பெயர் மலோன்.

அன்றிலிருந்து மறந்துபோன எந்த கேமைத் தேடினாலும் இதே வரிசையில்தான் போகிறேன். கண் பார்த்ததைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கை செய்த வேலையை முதலில் எழுதுங்கள். உருவமும் நிறமும் நினைவில் குழம்பிப்போகும். ஆனால் எந்த பட்டனை அழுத்தினால் என்ன நடந்தது, எதைத் தொட்டால் உயிர் போனது, ஒரு சுற்று எப்படி முடிந்தது என்பதெல்லாம் நூறு தடவை செய்து விரல்களில் பதிந்த விஷயம். அது அவ்வளவு சுலபத்தில் பிசகாது. திரை பக்கவாட்டில் நகர்ந்ததா, இல்லை முழு ஆட்டமும் ஒரே திரையில் நடந்ததா என்பதையும் எழுதுங்கள். இந்த ஒரு வரியே பாதிப் பட்டியலைக் கழித்துவிடும். அப்புறம், கூட விளையாடியவர் யாராவது இருந்தால் கட்டாயம் கேளுங்கள். உங்கள் நினைவில் இருக்கும் ஓட்டை அவர் நினைவில் இருக்காது.

வருடத்தில் ஒரு பொறி உண்டு. நீங்கள் விளையாடிய வருடம் வேறு, கேம் வெளிவந்த வருடம் வேறு. நான் விளையாடும்போது பைனரி லேண்டுக்குப் பத்து வயதுக்கு மேல். அதனால் விளையாடிய வருடத்தை மேல் எல்லையாக மட்டும் வைத்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கணினி கேம் என்றால் நிறங்கள் நல்ல தடயம் தரும். கறுப்பு, வெள்ளை, பளீரென்ற வெளிர்நீலம், ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்று நாலே நிறம்தான் நினைவில் இருக்கிறதா? அது 1981இல் ஐபிஎம் கணினியோடு வந்த சிஜிஏ என்ற திரைக் காட்சி முறை. பதினாறு நிறம் என்றால் 1984இல் வந்த இஜிஏ. முகங்களில் நிழலும் மெருகும் தெரிந்தது என்றால் 256 நிறம் காட்டிய விஜிஏ, அதாவது 1987க்குப் பிந்தையது.

கேசட் மெனுவில் இருந்த பெயரை நம்ப வேண்டாம். ‘99999 இன் 1’ மாதிரியான கேசட்டுகளில் உண்மையில் சில பத்து கேம்கள்தான் இருக்கும். அவற்றையே வேறு வேறு பெயரில், வேறு வேறு சுற்றிலிருந்து ஆரம்பிக்கும்படி மாற்றிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். அசல் பெயரைத் திரையிலிருந்தே அழித்துவிட்டதும் உண்டு.

எழுதியாயிற்று. இனி எங்கே தேடுவது? என் முதல் நிறுத்தம் 1999இல் தொடங்கிய மோபிகேம்ஸ் தரவுத்தளம். இயந்திரம், வருடம் இரண்டையும் கொடுத்து வரும் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஃபேமிகாமுக்கு முறையாக வெளிவந்தவை ஆயிரத்துக்குச் சற்று மேல்தான். முழுவதையும் கண்ணால் அலசி முடிக்கக்கூடிய எண்ணிக்கை அது. பிரவுசரில் விளையாடிய ஃபிளாஷ் கேம் என்றால் வழி வேறு. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி ஃபிளாஷை நிறுத்திவிட்டது. அதற்குள் தன்னார்வலர்கள் திரட்டிச் சேமித்த ‘ஃபிளாஷ்பாயிண்ட்’ தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்கள் இருக்கின்றன. பட்டன் போன் கேம்களுக்கு, கேம் அடங்கிய ஜாவா ஜார் கோப்பு வேண்டும். அதை இன்றைய ஆண்ட்ராய்டு போனில் ‘ஜே2எம்இ லோடர்’ என்ற செயலி ஓட்டும். ஒரே கேம் ஒவ்வொரு போனின் திரை அளவுக்கும் தனித்தனியாக வந்திருக்கும். அன்றைய உங்கள் போனின் அளவுக்கு வந்ததை எடுங்கள், இல்லாவிட்டால் பார்த்த நினைவோடு ஒட்டாது.

இதுவரை சொன்னது விளையாடி மறந்ததைப் பற்றி. எனக்கு இதைவிடப் பிடித்தது, விளையாடவே விளையாடாத வினோதமான பழைய கேம்களைக் கண்டெடுப்பது. ‘வித்தியாசமான பழைய கேம்கள்’ என்று தேடினால் எல்லாப் பட்டியலிலும் அதே பத்துப் பெயர்தான் வரும். அதற்குப் பதிலாக ஆளைப் பிடியுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு கேமை உருவாக்கியவர் யார் என்று பார்த்து, அவர் செய்த மற்றவற்றை மோபிகேம்ஸில் திறந்து பாருங்கள். யூட் சைட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டவைத்த ‘சிம்டவர்’ அவருடையது, 1994. அதே மனிதர் 1999இல் ட்ரீம்காஸ்ட் கேம் இயந்திரத்துக்கு ‘சீமேன்’ செய்தார். மனித முகம் கொண்ட ஒரு மீனை வளர்த்து, மைக்கில் அதனோடு பேச வேண்டும். அதுவும் நம்மைக் கேள்வி கேட்கும். அங்கிருந்து 2006இன் ‘ஒடாமா’வுக்குப் போனால், பின்பால் மேசையே போர்க்களம். துடுப்பால் பெரிய பந்தைத் தட்டிக்கொண்டே மைக்கில் கத்திப் படைக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். மூன்றையும் அடுத்தடுத்து விளையாடிப் பார்த்தபோது, ஒரே மனம் என்னவெல்லாம் யோசித்திருக்கிறது என்று நான் வியந்துபோனேன். எந்தப் பட்டியலும் அதைக் காட்டியதில்லை.

இப்படி ஆளைப் பிடித்துப் போனதில் எனக்குக் கிடைத்த பெரிய புதையல் ‘தி சென்டினல்’. ஜெஃப் கிராம்மண்ட் என்றால் கார் பந்தய கேம்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவர் 1986இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதியது இது. மலை உச்சியில் ஓர் உருவம் நின்று மெல்லத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் கீழே ஒரு ரோபோ. நடக்க முடியாது. உங்கள் கண்ணுக்குத் தரை தெரிகிற கட்டத்தில் இருக்கும் பொருளை உறிஞ்சலாம். மரத்துக்கு ஓர் அலகு சக்தி, பாறைக்கு இரண்டு, ரோபோவுக்கு மூன்று. அந்தச் சக்தியில் ஒரு பாறையை உண்டாக்கி, அதன்மேல் இன்னொரு ரோபோவை உண்டாக்கி, அதற்குள் கூடுவிட்டுக் கூடு பாய வேண்டும். பிறகு திரும்பி, விட்டுவந்த பழைய உடலை உறிஞ்ச வேண்டும். இப்படியே மேலே, மேலே. உச்சியில் நிற்பதன் காலடி உங்களுக்குத் தெரியும் உயரம் வந்துவிட்டால் அதையே உறிஞ்சிவிடலாம். அதற்குள் அதன் பார்வை உங்கள்மேல் பட்டால் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக வடியும். மொத்தம் 10,000 நிலப்பரப்புகள். 32 கிலோபைட் நினைவகத்தில் அத்தனையையும் சேமித்து வைக்க இடம் ஏது? ஒவ்வொன்றையும் அதன் எண்ணிலிருந்து கணக்குப் போட்டு அந்தந்த நேரத்தில் உருவாக்குகிறது. நள்ளிரவில் இதை விளையாடும்போது அந்தத் தலை என் பக்கம் திரும்பினால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

இன்னொரு வழி பழைய பத்திரிகைகள். 1981 முதல் 2006 வரை வந்த ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ இதழ்களின் ஸ்கேன்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். விமர்சகர் எங்கே தடுமாறுகிறார், எதை ‘இது கேம்தானா?’ என்று கேட்கிறார் என்று பாருங்கள். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கேம் பத்திரிகைக்கு வெளியிலும் பார்க்கலாம். வீடியோ கேம் ஒருபோதும் கலை ஆகாது என்று 2010இல் எழுதிய திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட், 1994இல் ‘காஸ்மாலஜி ஆஃப் கியோட்டோ’ என்ற கேமை ‘வயர்ட்’ இதழில் மனம் விட்டுப் பாராட்டியிருந்தார். பழங்கால கியோட்டோவின் தெருக்களில் இலக்கில்லாமல் அலைவதுதான் அந்த கேம். செத்தால் நரகம், பிறகு மறுபிறவி. அந்தக் கட்டுரை இல்லையென்றால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

சரி, கேம் இன்னதென்று தெரிந்துவிட்டது. இனி ஓட வைக்க வேண்டும். முதலில் விற்பனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 2008இல் தொடங்கிய ஜிஓஜி தளம் பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓடும்படி தயார்செய்து விற்கிறது. சில கேம்கள் எதிர்பாராமல் திரும்பி வரும். 1997இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த ‘மூன்’ 2020இல்தான் முதல்முறையாக ஆங்கிலத்தில் வந்தது. சிலவற்றை உரிமையாளர்களே இலவசமாக்கியிருக்கிறார்கள். ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ அப்படித்தான், பழைய சாகச கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் மென்பொருளின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடையில் இல்லை என்பதால் உரிமை காலாவதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ‘கைவிடப்பட்ட கேம்’ என்பது பேச்சுவழக்கு, அப்படி ஒரு சட்டப் பிரிவு கிடையாது. இதில் எனக்கு மன வருத்தம் உண்டு. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. வாங்கத் தயாராக இருப்பவருக்கும் வழியில்லை.

இன்டர்நெட் ஆர்க்கைவில் விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் ஓடிய ஆயிரக்கணக்கான கேம்களை பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். முன்பின் தெரியாத தளத்திலிருந்து இஎக்ஸ்இ கோப்பை இறக்கித் திறப்பதை நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள்.

வீட்டுக் கணினியில் டாஸ் கேம்களை டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வைத்து ஓட்டினால் இரண்டு விஷயத்தைச் சரிசெய்யுங்கள். ஒன்று வேகம். அந்தக் கால கேம்கள் பலவும் கணினியின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. எதிரிகள் மின்னலாய்ப் பறந்தால் குற்றம் உங்கள் கையில் இல்லை. கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். பின்னணி இசை இயல்பாக ஒலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டாவது உருவ விகிதம். 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படத்தைப் பழைய மானிட்டர் 4:3 திரையில் மேலும் கீழும் இழுத்துக் காட்டியது. இன்றைய திரையில் அப்படியே போட்டால் எல்லாம் சப்பையாகத் தெரியும். அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்ற வரியை ‘ட்ரூ’ என்று மாற்றினால் போதும், வட்டம் வட்டமாகிவிடும்.

பிறகு கையேடு. இதைத் தவிர்த்துவிட்டு விளையாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். சென்டினலை முதல்முறை திறந்தபோது பத்து நிமிடம் வரை எதுவுமே அசையவில்லை, கேம் கெட்டுப்போயிருக்கிறது என்று மூடிவிட்டேன். மறுநாள் கையேட்டைப் படித்த பிறகுதான் நகர முடியாமல் இருப்பதே ஆட்டம் என்று புரிந்தது. அன்றைய கேம்களில் பாதி விஷயம் திரையில் இருக்காது, தாளில்தான் இருக்கும். நகல் எடுப்பதைத் தடுக்க ‘நாலாம் பக்கம், இரண்டாம் வரி, மூன்றாம் சொல் என்ன?’ என்று கேட்டு நிறுத்தும் கேம்களும் உண்டு. பழைய கையேடுகளின் ஸ்கேன்கள் நிறைய இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. கேமின் பெயரோடு இயந்திரத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். விசைகள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

விளையாட உட்காரும்போது குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வழிகாட்டி வீடியோவை அதற்கு முன் பார்க்க வேண்டாம். ‘விப்-ரிப்பன்’ மாதிரி ஒன்றை எடுத்தால் அதற்குரிய ஏற்பாட்டையும் செய்துகொள்ளுங்கள். 1999இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த அந்த கேம் முழுவதும் நினைவகத்துக்குள் ஏறிவிடும். பிறகு வட்டை வெளியே எடுத்து உங்கள் சொந்தப் பாட்டு சிடியைப் போட்டால், அந்தப் பாட்டே ஓடுபாதையாக மாறும். பழைய இயந்திரத்தைப்போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் இதே வேலையை வட்டு மாற்றும் மெனுவில் செய்யலாம். சொந்தப் பாட்டைப் போடாமல் அதை விளையாடியதாகச் சொல்ல முடியாது.

வீட்டில் பழைய ஃபிளாப்பிகள் கிடந்தால் அவற்றைத் தூக்கிப் போடும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல் முழு வட்டையும் இமேஜ் கோப்பாக, அதாவது வட்டின் அச்சு அசலான நகலாக எடுத்து வையுங்கள். டிரைவில் நுழைக்கும் முன் எழுதவிடாமல் பூட்டுங்கள். மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் மூலைத் துளை திறந்திருந்தால் பூட்டியதாக அர்த்தம். ஐந்தேகால் அங்குலத்தில் நேர்மாறு, ஓரத்து வெட்டை ஒரு துண்டு டேப்பால் மூட வேண்டும். லேபிளையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, இமேஜோடு ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.