ஆர்-ஃப்ரீக்கு எத்தனை எதிரொளிப்புகளை ஒதுக்குவது?

புரதப் படிகத்தின் கட்டமைப்பைச் செம்மையாக்கும்போது, அளவுருக்களைக் கூட்டக் கூட்ட ஆர் மதிப்பு (மாதிரிக்கும் அளந்த எக்ஸ்-கதிர்த் தரவுக்கும் உள்ள வேறுபாடு) இறங்கிக்கொண்டே போகும். மாதிரி தவறாக இருந்தாலும் இறங்கும். அதனால்தான் 1992-இல் ஆக்செல் புரூங்கர் ஆர்-ஃப்ரீயை முன்வைத்தார்: சில எதிரொளிப்புகளை (படிகம் சிதறடிக்கும் எக்ஸ்-கதிர்ப் புள்ளிகளை) செம்மையாக்கலுக்குக் காட்டாமல் ஒதுக்கிவைத்து, அவற்றுக்கு மட்டும் ஆர் கணக்கிடுவது.

5 சதவீதமா, 10 சதவீதமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சதவீதத்தை விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்.

படி 1: தனித்த எதிரொளிப்புகள் எத்தனை என்று பாருங்கள். திரும்பத் திரும்ப அளந்த மொத்த எண் உதவாது.

படி 2: பிழையைக் கணக்கிடுங்கள். ஒதுக்கியவை n என்றால், ஆர்-ஃப்ரீயின் பிழை ஏறத்தாழ ஆர்-ஃப்ரீ ÷ √(2n). ஆர்-ஃப்ரீ 0.25 என்று கொள்வோம். மொத்தம் 5,000 இருந்து 5 சதவீதம் ஒதுக்கினால் n = 250, பிழை 0.011. அப்போது ஆர்-ஃப்ரீ அரை சதவீதம் இறங்கியதை முன்னேற்றம் என்று சொல்லவே முடியாது. 10 சதவீதம் ஒதுக்கினால் பிழை 0.008. மொத்தம் 80,000 இருந்தால் 2,000 போதும்; பிழை 0.004. அதற்கு மேல் ஒதுக்குவது பெரும்பாலும் தரவை வீணாக்குவதே. 500-க்குக் கீழே போகாதீர்கள்: அதிகபட்ச நிகழ்தகவு முறையில் சிக்மா-ஏ மதிப்புகளையும் (மாதிரியை எவ்வளவு நம்பலாம் என்ற அளவு) இதே தொகுதிதான் தருகிறது. தரவு மிகக் குறைவென்றால், பத்துப் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் முறைவைத்து ஒதுக்கிப் பத்து முறை செம்மையாக்குங்கள்.

படி 3: கொடிகளை (எவை ஒதுக்கியவை என்று குறிக்கும் எண்களை) ஒரே ஒரு முறை உருவாக்குங்கள். சிசிபி4 மென்பொருளில் ஒதுக்கியவற்றின் கொடி 0. ஃபீனிக்ஸ் மென்பொருள் உருவாக்கும் கொடி 1. மாறிப்போனால் ஒதுக்கவேண்டிய 5 சதவீதத்தை வைத்தே செம்மையாக்கல் நடக்கும். ஆர்-வொர்க் (செம்மையாக்கலில் பயன்பட்டவற்றின் ஆர்) சரியும், ஆர்-ஃப்ரீ எகிறும்.

படி 4: ஒரே அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டி) வேறு மூலக்கூறு பிணைந்த படிகமா? பழைய கொடிகளையே கொண்டுவாருங்கள்; கூடுதல் பிரிதிறனுக்கு (நுணுக்கத்துக்கு) மட்டும் நீட்டுங்கள். இரட்டைப் படிகமானால் (இரு திசைகளில் ஒட்டி வளர்ந்தது), அத்திசைகளைத் தொடர்புபடுத்தும் இரட்டை விதி இணைக்கும் எதிரொளிப்புகள் ஒரே பக்கம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆர்-ஃப்ரீ பொய்யாக இறங்கும்.

கொடிகள் தொலைந்துவிட்டால் புதியவற்றை இட்டு அப்படியே தொடராதீர்கள். மாதிரி அந்த எதிரொளிப்புகளை ஏற்கெனவே பார்த்துவிட்டது. அணுக்களின் இடங்களைச் சற்றே குலைத்து, பி-காரணிகளை (அணுக்களின் அசைவு அளவுகளை) ஒரே மதிப்புக்கு மாற்றி, மதிப்புகள் நிலைக்கும்வரை மீண்டும் செம்மையாக்குங்கள்.